கோடு போட ஒரு கணக்கு

சாலையில் வரிக்குதிரைக் கோடு போட பெயின்ட் போதும். எங்கே போடுவது என்பதற்குத்தான் கணக்கு வேண்டும். 1951இல் இந்தக் கோடுகளுக்குச் சட்டம் கொண்டுவந்த பிரிட்டனில் பிற்பாடு ஒரு சூத்திரம் நெடுநாள் புழங்கியது: மணிக்குக் கடப்பவர் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கு, 10 கோடியைத் தாண்டினால் கோடு உண்டு. 300 பேர், 600 வண்டிகள் என்றால் 10.8 கோடி. தேறிவிடும்!

வாகனத்துக்கு மட்டும் ஏன் வர்க்கம்? வண்டிகள் இரட்டிப்பானால், நாம் கடக்கப் போதுமான நீண்ட இடைவெளிகள் பாதியாவதோடு நிற்பதில்லை. அதைவிட வேகமாக அருகிப்போகும்.

சூத்திரத்தில் பெரிய ஓட்டை உண்டு. பயந்து திரும்பிப் போகும் பாட்டி எண்ணிக்கையிலேயே வரமாட்டார். சாலை மோசமாக ஆக, கடப்பவர் குறைவார், கோடும் கிடைக்காது. அதனால் இப்போது அங்கே வண்டி வேகம், விபத்துப் பதிவு, அருகிலுள்ள பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.