வீட்டுக்கூரை சூரிய மின்சாரம்: பணம் கைக்கு வரும் வழி

கீழே கடை, மேலே வீடு என்று வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தின் மானியம் வீட்டு மின் இணைப்புக்கு மட்டுமே உண்டு. கடை இணைப்புக்குக் கிடையாது. எனவே விண்ணப்பத்தில் வீட்டு இணைப்பு எண்ணையே எழுதவும்.

தனி வீட்டுக்கான மானியம்:
1 கிலோவாட் – ரூ.30,000
2 கிலோவாட் – ரூ.60,000
3 கிலோவாட்டும் அதற்கு மேலும் – ரூ.78,000

காலமான தகப்பனார் பெயரிலேயே இணைப்பு இருந்தால், முதலில் பெயர் மாற்றம் செய்துகொள்வது நல்லது. பதிவு பெற்ற நிறுவனத்திடமே வேலையைக் கொடுக்கவும். உள்நாட்டில் தயாரான பலகைகளுக்கே மானியம் என்பதால் பில்லில் அதைக் குறிப்பிடச் சொல்லவும். மானியம், வேலை முடிந்த பிறகே நம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே சரக்கு வாங்கும் முதலில் கைவைக்காமல் தொகையைத் தனியே ஏற்பாடு செய்துகொள்ளவும்.

பலகை பொருத்தியதோடு காரியம் முடிவதில்லை. மின்வாரியம் இருவழி மீட்டர் பொருத்திய பிறகே, நாம் வெளியே அனுப்பும் யூனிட் நம் கணக்கில் கழியும். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மீட்டர் தாமதமானால் அத்தனையும் கணக்கில் வராத சரக்கே! ஒவ்வொரு ரசீதிலும் வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட் இரண்டையும் பேரேடு பார்ப்பதுபோல் சரிபார்த்து வரவும்.