ஒரு தீவின் கூட்டுறவு மின்சாரம்

நூல் வாங்கவும் விளைபொருளை விற்கவும் கூட்டுறவு உதவுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு தீவு முழுவதற்கும் வேண்டிய மின்சாரத்தை அத்தீவு மக்களின் கூட்டுறவுச் சங்கமே வழங்கி வருவதை நம்மில் பலர் அறியமாட்டோம். பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த காவாய் என்பதே அத்தீவு. அங்கு வாழ்வோர் சுமார் 73,000 பேர். அண்டைத் தீவுகளிலிருந்து மின்கம்பி எதுவும் அங்கு வரவில்லை. ஆகவே தமக்கு வேண்டியதைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்.

2002ஆம் ஆண்டில் இச்சங்கம், ஒரு தனியார் கம்பெனியிடமிருந்து மின் நிலையத்தையும் கம்பி வழிகளையும் 21.5 கோடி டாலருக்கு வாங்கியது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்பது இயக்குநர்கள் அதை நிர்வகிக்கின்றனர். அந்நாளில் மின்சாரத்தின் பெரும்பகுதி, கப்பலில் வந்த எண்ணெயை எரித்தே பெறப்பட்டது. எண்ணெய் விலை ஏறினால் ஒவ்வொரு வீட்டின் மின் கட்டணமும் ஏறும். இதற்குப் பரிகாரமாகச் சங்கம் சூரிய ஒளியை நாடியது.

ஆனால் சூரிய ஒளியிலும் ஒரு குறை உண்டு. நண்பகலில் மின்சாரம் பெருகும். விளக்கேற்றும் வேளையிலோ ஒன்றும் இராது. மேன்மேலும் பலகைகளை நிறுத்தினால் நண்பகல் மின்சாரம் வீணாகுமேயன்றி மாலைக்கு உதவாது. எனவே 2017ஆம் ஆண்டில் கபையா என்னுமிடத்தில் 13 மெகாவாட் சூரியப் பலகைகளோடு, 52,000 யூனிட் கொள்ளும் பாட்டரிகளும் அமைக்கப்பட்டன. பகலில் சேமித்ததை மாலையில் வழங்குவது அவற்றின் பணி. யூனிட்டுக்கு 13.9 சென்ட் என இருபதாண்டுக்கு விலை பேசப்பட்டதால், எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கம் இம்மின்சாரத்தைத் தீண்டவில்லை. அடுத்து லாவாயில் 1,00,000 யூனிட் கொள்ளும் பாட்டரிகளுடன் மற்றொரு நிலையம் எழுந்தது.

இனி எண்ணெய் இயந்திரங்கள் எதற்கு என்று வினவலாம். மழைமூட்டம் பல நாள் நீடித்தால் பாட்டரி தீர்ந்துவிடும். இயந்திரமோ எரிபொருள் உள்ளவரை ஓடும். அன்றியும், கனமான இயந்திரம் சுழல்வதால் மின்வழியின் ஓட்டம் நிலைபெறுகிறது. கபையாவிலுள்ள வாயுச் சுழலியோடு இணைந்த மின்னாக்கியை, எரிபொருளின்றித் தனியே சுழலவிடவும் வகை செய்திருக்கின்றனர். இவ்வுதவியால் 2019 நவம்பரில் எண்ணெய் எரிக்காமலே சில மணி நேரம் தீவு முழுவதும் மின்சாரம் பெற்றது.

எனினும் ஒரு சோதனை வந்தது. 2021 நவம்பர் 21ஆம் நாள் விடியற்காலை ஐந்தரை மணியளவில், தீவின் தேவையில் சுமார் 60 சதவிகிதத்தைத் தாங்கி நின்ற எண்ணெய் மின்னாக்கி திடீரென நின்றது. கதிரவன் எழாத நேரம். பாட்டரிகள் நொடிப்பொழுதில் சுமையை ஏற்றன. தீவு இருளில் மூழ்கவில்லை. ஆனால் மின்வழி நொடிக்கு இருபது தடவை அளவில் நடுங்கத் தொடங்கிற்று.

காரணம் யாது? பாட்டரியின் மின்சாரம் மாற்றிக் கருவிகள் வழியே கம்பிக்குச் செல்கிறது. அக்கருவிகளுள் சில, பிறர் வகுத்த தாளத்தைக் கேட்டுப் பின்பற்றும் வகையின. தாளம் வகுத்த பெரிய இயந்திரம் நின்றதும் அவை தடுமாறின. அமெரிக்காவின் தேசிய ஆய்வகத்தாரோடு சேர்ந்து சங்கத்தார் இதனைக் கண்டறிந்தனர். தாமே தாளம் வகுக்கும் முறைக்கு மாற்றிகளை மாற்றியமைத்தனர். 2023ஆம் ஆண்டில் மீண்டும் அம்மின்னாக்கி நின்றபோது அந்த நடுக்கம் ஏற்படவில்லை.

சூரியன் செலவைக் குறைக்கிறது; பாட்டரி நொடியில் கைகொடுக்கிறது; இயந்திரம் நெடுநாள் துணை நிற்கிறது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதே இவ்வமைப்பின் பலம். ஆயினும் தலைமை தளர்ந்த வேளையில் முறையை ஏற்று நடத்தும் ஆற்றல் மற்றவற்றுக்கும் இருத்தல் வேண்டும். இல்லையேல் எத்தனை பேர் கூடினும் பயனில்லை. மின்வழிக்குப் பொருந்தும் இவ்வுண்மை நம் சங்கங்களுக்கும் பொருந்துமன்றோ?