ஜீப்பைக் கட்டி இழுப்பது எப்படி?

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்குச் செல்லும் மலைச்சாலையில் நீங்கள் போயிருக்கலாம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வயல்களை விட்டுக் கிளம்பும் அந்தச் சாலை, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைகிறது. குறுகிய பாதை, கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் சேறும் சறுக்கலும். இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்த வண்டி ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக உருவான இவ்வண்டியை, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் 2010-இல் வெளியான ‘தார்’ வண்டி.

ஜீப்பில் என்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்ப முடியும். ஆதலால் மற்ற வண்டிகள் திணறும் இடத்தில் அது ஏறிவிடும். ஆனால் அந்த ஜீப்பே பழுதாகி நின்றுவிட்டால்? வேறொரு வண்டியில் பிணைத்து, அதன் நான்கு சக்கரங்களும் தரையில் உருள, இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். பார்ப்பதற்கு இது எளிய வேலை. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் இதில் இறங்கக்கூடாது. இழுக்கும் விசை எதன் வழியாகப் போகிறது? உருளும் சக்கரங்கள் எவற்றையெல்லாம் சுழற்றுகின்றன?

ஏன் இழுக்கவேண்டும்?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகருக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. இவ்வாறு தண்ணீரில் மூழ்கிய வண்டியை, வெள்ளம் வடிந்தவுடன் சாவியைத் திருகிக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. ஏனெனில் என்ஜினின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும்போது, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே அத்தகைய வண்டியைக் கிளப்பாமல் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தேரும் வடமும்

திருநெல்வேலிக்காரர்களுக்கு இழுவிசையைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பரின் பெரிய தேரை ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். நின்ற தேரை அசைப்பதுதான் கடினம். ஓடத் தொடங்கிய பின் அவ்வளவு விசை வேண்டியதில்லை. அதனால்தான் தேர் கிளம்பும்போது பின்புறம் சக்கரத்துக்கு அடியில் தடி போட்டு நெம்புகிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துத் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து, தேர் நகரத் தாமதமாயிற்று.

ஜீப்பின் எடை தேரின் எடைக்கு முன் மிகச் சிறியது. 1,500 கிலோ எடையுள்ள ஜீப்பைச் சமமான தார்ச்சாலையில் மெதுவாக உருட்ட, ஏறக்குறைய 22 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தள்ளினால் ஜீப் நகர்வதை நீங்களே கண்டிருப்பீர்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றமானால், இதனுடன் இன்னும் 150 கிலோ சேரும். இதையும் ஒரு நல்ல கயிறு தாங்கும். அப்படியானால் கயிறு ஏன் அறுகிறது?

வெட்டி இழுத்தால் என்ன ஆகும்?

கயிறு தொய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் உள்ள லாரி புறப்பட்டு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிட்டது. அப்போதுதான் கயிறு விறைக்கிறது. நின்றுகொண்டிருந்த ஜீப்பும் உடனே அந்த வேகத்தைப் பெற்றாக வேண்டும்.

மணிக்கு 10 கி.மீ. என்பது நொடிக்கு சுமார் 2.8 மீட்டர். இயக்க ஆற்றலுக்கு உரிய சூத்திரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள்: நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். விடை சுமார் 5,800 ஜூல். விறைத்த கயிறு 10 செ.மீ. மட்டுமே நீளக்கூடிய இரும்புக் கம்பிவடமானால், 5,800-ஐ 0.1-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 58,000 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 6 டன் எடை! ஒரு மீட்டர் வரை நீளும் நைலான் கயிறானால் இதில் பத்தில் ஒரு பங்குதான். 22 கிலோ விசையில் உருளவேண்டிய வண்டியை, வெட்டி இழுத்து 6 டன் விசைக்கு ஆளாக்கிவிடுகிறோம்.

நீளும் கயிற்றிலும் ஆபத்து உண்டு. நீண்ட கயிறு உண்டிவில்லின் ரப்பரைப் போல ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது அறுந்தாலோ, அதன் முனையில் உள்ள கொக்கி பிய்ந்துகொண்டாலோ, அந்த ஆற்றல் முழுவதும் பறக்கும் இரும்புக்குப் போய்ச் சேரும். ஆகவே கயிறு விறைக்கும்போது யாரும் அதன் அருகிலோ அதன் நேர்க்கோட்டிலோ நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவே கனமான சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்த கயிற்றின் வேகத்தை அது ஓரளவு தணிக்கும்.

பம்ப்பர் பலமா, போல்ட் பலமா?

ஜீப் வைத்திருப்போர் பலர், கம்பெனி பொருத்திய பம்ப்பரைக் கழற்றிவிட்டு, தடித்த இரும்புத் தகட்டால் ஆன வேறொரு பம்ப்பரைக் கடையில் வாங்கிப் பொருத்துகிறார்கள். அதில் இழுப்பதற்கான வளையங்களும் இருக்கும். ‘இவ்வளவு கனமான பம்ப்பர், யானை இழுத்தாலும் அசையாது’ என்று தோன்றும். ஆனால் விசை பம்ப்பரோடு நின்றுவிடுவதில்லை. கயிறு, வளையம், வளையத்தைப் பற்றவைத்த இடம், பம்ப்பர், அதைத் தாங்கும் பட்டை, போல்ட், கடைசியாக வண்டியின் அடிச்சட்டம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுதான் அறும். மற்றவை எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை.

போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பலம் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் பலம் கால் பங்காகிவிடும். வளையம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பம்ப்பரைத் தாங்கும் பட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு போல்ட்டுகள், 10 செ.மீ. இடைவெளியில் முன்பின்னாகச் செருகப்பட்டுள்ளன என்று கொள்வோம். வளையம் அவற்றுக்கு நடுவே நேராக இருந்தால், இழுவிசையை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அதே வளையம் கீழ்ப் போல்ட்டுக்கும் 20 செ.மீ. கீழே தொங்கினால்? பட்டை நெம்புகோலாக மாறிவிடுகிறது. மேல் போல்ட் இருக்கும் இடம் ஆதாரம்; அங்கிருந்து வளையத்துக்கு 30 செ.மீ., கீழ்ப் போல்ட்டுக்கு 10 செ.மீ. ஆகவே கீழ்ப் போல்ட்டின் மேல் விழும் விசை, நாம் இழுக்கும் விசையைப் போல் 3 மடங்கு!

கொண்டை ஊசி வளைவில் இன்னொரு தொல்லை. அங்கே இழுவிசை நேராக வராமல் பக்கவாட்டில் வரும். சுமை பெரும்பாலும் ஒரு பக்கத்து வளையத்தின் மேலேயே விழும். ஆகவே இழுக்கும் வளையங்கள் அடிச்சட்டத்தின் இரண்டு நீளத் தண்டுகளோடும் உறுதியாக இணைந்திருக்க வேண்டும். உடம்புத் தகட்டில் மட்டும் பூட்டிய பம்ப்பர் அழகுக்கு உதவும், இழுப்பதற்கு உதவாது.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். பம்ப்பருக்கு முன்னால் கூடுதலாகப் பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பிகள், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டும். விறைப்பான கம்பி அதைத் தடுக்கிறது. சாலையில் நடப்பவருக்கும் அதனால் காயம் கூடுகிறது.

கயிறா, தண்டா?

கயிற்றால் இழுக்கத்தான் முடியும்; தள்ள முடியாது. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு நோக்கி இறங்கும்போது, பின்னால் வரும் ஜீப் தானாகவே முன்னோக்கி உருளும். கயிறு தொய்ந்துவிடும், ஜீப் முன்வண்டியின் மேல் மோதும். எனவே இறக்கத்துக்கு இரும்புத் தண்டே ஏற்றது. இரண்டு கால்களை விரித்து வைத்தது போன்ற முக்கோண வடிவத் தண்டு இதற்கென உண்டு. விரிந்த இரு முனைகளும் ஜீப்பிலும், கூடும் முனை முன்வண்டியிலும் பூட்டப்படும். முக்கோணம் எளிதில் உருக்குலையாத வடிவம் என்று வடிவக்கணிதத்தில் படித்தது இங்கே பயன்படுகிறது. இந்தத் தண்டு கூடியவரை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், பிரேக் போடும்போது விசையின் ஒரு கூறு வண்டிகளைக் கீழே அழுத்தவோ மேலே தூக்கவோ செய்யும்.

இழுக்கப்படும் ஜீப்பில் ஓட்டுநர் இருந்தால், அவர் ஒன்றை மறக்கக் கூடாது. என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை கிடைக்காது. பெடலைப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். ஸ்டியரிங்கும் கனக்கும். சாவி பூட்டும் நிலையில் இருந்தால் ஸ்டியரிங் திரும்பவே திரும்பாது.

சக்கரம் சுற்றினால் எது சுற்றும்?

வழக்கமாக என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இழுக்கும்போது நிலைமை தலைகீழ்: சக்கரம் அச்சைச் சுழற்றுகிறது, அச்சு, நீண்ட உந்துதண்டைச் சுழற்றுகிறது, அது பல்சக்கரப் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. கியரை நியூட்ரலில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பல பெட்டிகளில் அடியில் உள்ள பல்சக்கரங்கள் சுழன்றுதான் எண்ணெயை மேலே வாரி இறைக்கின்றன. அவற்றைச் சுழற்றுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்க, வெளிச்செல்லும் தண்டு மட்டும் சுழன்றால், மேலே உள்ள பேரிங்குகள் எண்ணெய் இன்றிச் சூடேறித் தேயும். தானியங்கிக் கியர் வண்டிகளில் எண்ணெயைச் செலுத்தும் பம்பே என்ஜினால்தான் ஓடுகிறது. அதனால் அங்கே சேதம் இன்னும் விரைவில் வரும்.

ஜீப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்ப, டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இரண்டாவது பெட்டி ஒன்று உண்டு. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இதற்கும் தனியாக ஒரு நியூட்ரல் நிலை உள்ளது. அதில் வைத்தால் சக்கரங்களின் சுழற்சி முதல் பெட்டியை எட்டாது. எல்லா வண்டிகளிலும் இந்த வசதி இல்லை. ஆகவே வண்டியோடு தரும் கையேட்டைப் பார்ப்பது அவசியம். நெடுந்தூரம் இழுக்க வேண்டுமானால், மெக்கானிக்கைக் கொண்டு உந்துதண்டுகளைக் கழற்றிவிடுவது நல்லது.

விதியும் இயற்பியலும்

1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குவிதிகள், கட்டி இழுக்கும் வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும், இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றும் கூறின. 2017-இல் அவற்றின் இடத்துக்குப் புதிய ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஆனால் வேகத்துக்கு வரம்பு ஏன் வேண்டும் என்பதன் காரணம் மாறவில்லை. வேகம் 24-லிருந்து 48 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

செய்து பாருங்கள்

ஒரு செங்கல், நான்கைந்து உருண்டைப் பென்சில்கள், தையல் நூல், சில ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்களின் மேல் செங்கல்லை வைத்து நூலால் மெதுவாக இழுங்கள், செங்கல் நகரும். நூலைத் தொய்யவிட்டு வெடுக்கென்று இழுங்கள், நூல் அறுந்துவிடும். பின்பு நூலுக்கும் செங்கல்லுக்கும் இடையே மூன்று ரப்பர் வளையங்களைத் தொடராகக் கோத்து, அதேபோல் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நூல் தப்பிவிடும். இதற்குக் காரணம் என்ன? மேலே போட்ட கணக்கில் 0.1 மீட்டருக்குப் பதிலாக 0.5 மீட்டர் என்று வைத்து விடை காணுங்கள். எத்தனை கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கிறது?