மிச்ச வெயில்

ஒரே வகை மரங்களைச் சேர்த்து நட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் கிளை விரிக்கும். மேலே நெரிசல், நடுவில் வெற்றிடம். வகைகள் கலந்தால்? வெயில் விரும்பிகள் உச்சிக்குப் போகும்; நிழல் தாங்குபவை கீழே மிச்ச வெயிலைப் பிடிக்கும்.

சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் 2009-10இல் ஒரு சோதனைக் காடு நட்டார்கள். எட்டு ஆண்டுகளில் 16 வகை கலந்த துண்டுகள், ஒற்றை வகைத் துண்டுகளின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கார்பன் சேர்த்திருந்தன. வெயில் பங்கீடு இதற்கு ஒரு காரணம்; மண்ணுக்கடியிலும் பங்கீடு நடக்கிறது.

இந்த வரியோடு நிறுத்தத்தான் எனக்கும் ஆசை. ஆனா, வணிகத்துக்கு நடும் சீன ஃபிர், மாசன் பைன் தோப்புகளும் தனியாகவே கிட்டத்தட்ட அவ்வளவு சேர்த்தன. அப்போ கலப்பு எதுக்கு? பைனை மட்டும் தாக்கும் நோய் வந்தால் பைன் தோப்பு மொத்தமும் போகலாம். கலப்புக் காட்டில், விழுந்த மரத்தின் வெயிலைப் பக்கத்து மரம் எடுத்துக்கொள்ளும்.