ஒரு கோடு கூடினா கதையே மாறிடும்!

திருப்பூர் நல்லூர்ப் பக்கம் வீடு என்றால், லீவில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கோடு போட்ட டி-ஷர்ட் வந்தால்தான் தலைவலி. முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் பக்கத் தையலில் சேரணும். பின்பக்கத்தில் ஒரே ஒரு கோடு கூடுதலாக விழுந்திருந்தால்? அதுக்குக் கீழே எல்லாமே தள்ளிப்போகும். ஆனால் அந்தக் கூடுதல் கோட்டை மட்டும் விரலால் மடித்துப் பிடிச்சுப் பாருங்க. மிச்சமெல்லாம் கச்சிதமாகச் சேரும்!

பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் மாணவர்கள் 'பேர்வைஸ் அலைன்மென்ட்' என்று சொல்வது கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான். துணிக்குப் பதில் டி.என்.ஏ. கோட்டுக்குப் பதில் ஏ, சி, ஜி, டி என்ற நாலு எழுத்து.

1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் சிக்கிள் செல் தன்மை இருப்பது தெரியவந்தது. நம்ம பக்கத்து மலை! அதுக்குக் காரணம் பீட்டா குளோபின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து: 'ஜிஏஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஜிடிஜி'. ரெண்டு வரிசையையும் கீழே கீழே வைத்தாலே கண்ணில் பட்டுவிடும். ஈஸி.

அதே ஜீனில், இந்தியாவில் அடிக்கடி காணப்படும் தலசீமியா கோளாறு ஒன்று இருக்கு. பெயர் '8/9'. அதாவது எட்டாவது மூணெழுத்துக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் ஒரு 'ஜி' கூடுதல். பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்படிக் கெட்டுப்போன ஜீன் வந்துவிட்டால், குழந்தைக்கு வாழ்க்கை முழுக்க அடுத்தவர் ரத்தம் ஏற்றவேண்டி வரலாம். இதைப் பாருங்க:

ஜி ஏ ஜி ஏ ஏ ஜி டி சி டி ஜி சி சி
ஜி ஏ ஜி ஏ ஏ ஜி ஜி டி சி டி ஜி சி சி

பொருந்தினால் +1, பொருந்தாவிட்டால் -1, இடைவெளி விட்டால் -2 என்று மார்க் போடுவோம். இடமிருந்து அப்படியே அடுக்கினால் 7 பொருத்தம், 5 தப்பு, கடைசியில் ஓர் எழுத்து தொங்கல். மொத்தம் பூஜ்யம்! மேல் வரிசையில் ஆறாவது எழுத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுங்க. 12 பொருத்தம், ஓர் இடைவெளி. மார்க் 10. எங்கே மடிக்கணும் என்பதுதான் விஷயமே.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீடில்மேன், வுன்ஷ். வருஷம் 1970. ஒரு வரிசையை மேலேயும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் எழுதி, கட்டம் கட்டமாக மார்க் நிரப்புவார்கள். ஒவ்வொரு கட்டமும் மேலே, இடப்பக்கம், மூலை என மூணு பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். நூறு எழுத்து வரிசை ரெண்டு என்றால் சுமார் பத்தாயிரம் கட்டம். கம்ப்யூட்டருக்குக் கண்சிமிட்டும் நேரம். 1981-ல் ஸ்மித், வாட்டர்மேன் இருவரும் பொருந்தும் துண்டை மட்டும் தேடும் வழியைச் சேர்த்தார்கள். 1990-ல் வந்த 'பிளாஸ்ட்'டைத்தான் உங்க புராஜெக்டில் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் பண்றீங்க!

நீடில்மேன் பெயரிலேயே 'நீடில்' என்று ஓர் இலவச புரோகிராம் 'எம்பாஸ்' தொகுப்பில் இருக்கு. (ஊசி ஊர்க்காரங்களுக்குப் பொருத்தமான பேர்தான்!) மேலே உள்ள ரெண்டு வரியையும் அதில் ஆங்கில எழுத்தில் டைப் பண்ணுங்க. இடைவெளிக்கான அபராதம் வழக்கமாக 10. அப்படியே ஓடவிட்டால் இடைவெளி விட்டு அழகாகச் சேர்த்துக் கொடுக்கும். ரெண்டு ஜி-யில் எது கூடுதல் என்று மட்டும் அதுக்கும் தெரியாது. எங்கே விட்டாலும் ஒரே மார்க்தான்.

இப்போ அந்த 10-ஐ 50 ஆக்கிட்டு மறுபடி ஓடவிடுங்க. நடுவில் இடைவெளியே விடாது. வரிசையை ஓர் எழுத்து தள்ளி வைத்து, நாலு தப்பைச் சகித்துக்கொண்டு 'இதுதான் பெஸ்ட்' என்று காட்டும். கூடுதல் ஜி எங்கே விழுந்தது என்பதே தெரியாமல் போகும். ஸ்கிரீனில் எரர் மெசேஜ் எதுவும் வராது.