லண்டன் மறுத்தது, டப்ளின் சுமந்தது

டப்ளினில் லிஃபி ஆற்றின் வடகரையில் நிற்கும் காலின்ஸ் பாராக்ஸ் இன்று அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கிளை. பின்னாளில் ‘ராயல் பாராக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இந்தப் படைவீரர் குடியிருப்பை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் தாமஸ் பர்க். டிரினிட்டி கல்லூரியின் புகழ்பெற்ற பழைய நூலகமும் அவர் வடிவமைத்ததுதான். அகன்ற சதுர முற்றம், சுற்றிலும் சாம்பல் நிறக் கல்லில் உயர்ந்த கட்டடங்கள், கீழ்த்தளத்தில் வளைவுகள் தாங்கும் நடைகூடம், அலங்காரமே இல்லாமல் வரிசை பிசகாத சன்னல்கள். கண்ணை நிறைக்கும் கட்டடம்தான். ஆனால் அதன் அழகைவிட அது நிற்கும் இடமே அதிகம் பேசுகிறது. ஆங்கிலேய அரசு தன் படைக்கு இவ்வளவு பெரிய வீட்டைச் சொந்த நாட்டில் கட்டாமல் டப்ளினில் ஏன் கட்டியது?

விடை 1699ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மன்னர் கையில் நிரந்தரப் படை இருந்தால் குடிமக்களின் உரிமை பறிபோகும் என்று அஞ்சிய ஆங்கிலேய நாடாளுமன்றம், இங்கிலாந்தில் 7,000 வீரர்களுக்கு மேல் கூடாது என்றது. தன் ஆட்சியின் கீழ் இருந்த அயர்லாந்தில் 12,000 பேரை வைத்துக்கொள்ள அனுமதித்தது. அவர்களின் செலவையும் அயர்லாந்தின் கருவூலமே ஏற்றது. பாராக்ஸ் வந்ததால் வீரர்களுக்குத் தங்க இடம் தரும் தொல்லையிலிருந்து நகரத்தார் தப்பித்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அது சிறிய நன்மை அல்ல. ஆனால் அதே காலத்து இங்கிலாந்தில் வீரர்கள் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் தங்கினார்கள். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டாவது பாராக்ஸ் வேண்டாம் என்றே அங்குள்ளவர்கள் நினைத்தார்கள். தங்கள் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று ஒதுக்கியதை அயர்லாந்தின் தலைநகரில் எழுப்பியதை, நகரத்தாருக்குச் செய்த உபகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய உல்ஃப் டோனை 1798 நவம்பரில் இந்தப் பாராக்ஸில்தான் இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. மரண தண்டனை பெற்ற அவர் காவலிலேயே இறந்தார்.

அப்படியானால் இதை ஏன் இடிக்கவில்லை? 1922இல் பிரிட்டிஷ் படை வெளியேறியதும், அதே ஆண்டு கொல்லப்பட்ட அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் பெயரை இதற்குச் சூட்டி, அயர்லாந்துப் படை குடியேறியது. 1997இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இடிக்காமல் விட்டது சரியான முடிவு. இடித்திருந்தால் அடக்குமுறைக்கு எத்தனை பெரிய இடம் தேவைப்பட்டது என்பதற்கான சாட்சியே அழிந்திருக்கும். அங்கே செல்பவர்கள் உள்ளே இருக்கும் வெள்ளிப் பொருள்களையும் மரச்சாமான்களையும் பார்க்கும் முன், முற்றத்தில் நின்று அந்தக் கட்டடத்தையே முதல் காட்சிப் பொருளாகப் பாருங்கள்.