குழந்தை எப்படி மூச்சு விடுகிறது? மருந்துக் கடைக்காரர் கற்றுக் கொண்ட கேள்வி!

வியட்நாம் நாட்டின் தலைநகரம் ஹனோய். அங்கே தெருவுக்குத் தெரு மருந்துக் கடைகள் உண்டு. காய்ச்சல், இருமல் என்றால் ஜனங்கள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கடைக்குத்தான் போவார்கள்.

ஒருவர் கடைக்கு வருவார். "என் குழந்தைக்கு இருமல். மூக்கும் ஒழுகுகிறது. மருந்து கொடுங்கள்" என்பார். கடைக்காரர் மருந்து கொடுப்பார். வந்தவர் பணத்தைக் கொடுத்து விட்டுப் போய் விடுவார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா?

வந்தவர் உண்மையான வாடிக்கையாளர் அல்ல! இருமுகிற குழந்தையும் இல்லை. அவர் ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய ஆள். கடைக்காரர் என்ன கேட்டார், என்ன மருந்து கொடுத்தார் என்று குறித்து வைப்பதுதான் அவர் வேலை.

ஏன் இந்த வேடம்?

"இருமலுக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று நேரில் போய்க் கேட்டால், கடைக்காரர் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லுவார். ஆனால் எதிரே ஆள் நிற்கும்போது, கையில் பணம் இருக்கும்போது, அவர் செய்வது வேறாக இருக்கும். பரீட்சையில் எழுதுவது ஒன்று, கடையில் நடப்பது ஒன்று. நடப்பதைத் தெரிந்து கொள்ளத்தான் இந்த உபாயம்.

சளிக்கு வேலை செய்யாத மருந்து

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும் மருந்து. பென்சிலின், அமாக்சிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இந்தக் குடும்பந்தான்.

ஆனால் சாதாரணச் சளி, மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருகிறது. வைரஸ் வேறு ஜாதி. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஒரு கிலோ மாத்திரையை விழுங்கினாலும் செய்யாது!

"நான் சாப்பிட்டேன், நாலு நாளில் குணமாகி விட்டதே?" என்பார்கள். சாப்பிடாமல் இருந்தாலும் சளி தானாக இறங்கியிருக்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் கூட இழுக்கும். அந்தப் பொறுமைதான் நமக்கு இல்லை. பேர் மாத்திரைக்கு!

வேண்டாத மாத்திரை வயிற்றுப் போக்கைக் கொண்டு வரும். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகும். அதை விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. உடம்பில் இருக்கும் பாக்டீரியாவில் வலுத்தவை பிழைத்துக் கொள்ளும், பெருகும். நாளைக்கு உண்மையாகவே மருந்து தேவைப்படும்போது அந்த மருந்து பலிக்காது. இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

பிளெமிங் சொன்ன கதை

இது புதிய சங்கதி அல்ல. பென்சிலினை 1928இல் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். அதற்காக 1945இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு வாங்கிய இடத்தில், தான் கண்டுபிடித்த மருந்தைப் பற்றியே எச்சரிக்கை செய்தார்! பென்சிலினை யாரும் கடையில் வாங்கிக் கொள்ளும் காலம் வரலாம் என்றார். பிறகு ஒரு கதை சொன்னார்.

ஒருவனுக்குத் தொண்டை வலி. பென்சிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிட்டான். கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கிக் கொள்ளப் பழகி விட்டது. அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றியது. அவளுக்கு நிமோனியா என்ற நுரையீரல் காய்ச்சல் வந்தது. டாக்டர் பென்சிலின் கொடுத்தார், பலிக்கவில்லை. அவள் இறந்து போனாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? கணவன்தான் என்றார் பிளெமிங்.

கதையில் கடைக்காரர் பேசவில்லை. அவரைப் பேச வைக்க முடியுமா என்பதுதான் ஹனோயில் நடந்த சோதனை.

மூச்சைக் கேள்!

ஒரு விஷயத்தை மறந்து விடக் கூடாது. எல்லா இருமலும் சாதாரணச் சளி அல்ல. சில குழந்தைகளுக்கு அது நிமோனியாவாக இருக்கும். அப்போது ஆன்டிபயாடிக் உயிரைக் காக்கும். தாமதம் செய்தால் ஆபத்து. ஆகவே "எந்த இருமலுக்கும் கொடுக்காதே" என்று கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. எதை அவர் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளம் எளிது. மூச்சை எண்ண வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிஷம், வயிறும் நெஞ்சும் எழுவதைப் பார்த்து எண்ண வேண்டும். 2 மாதம் முதல் 1 வயது வரை உள்ள குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். 2 மாதம் ஆகாத பச்சைக் குழந்தை என்றால் எண்ணிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

"குழந்தை எப்படி மூச்சு விடுகிறது?" இந்த ஒரு கேள்வி கடையிலேயே பாதி வழக்கைத் தீர்த்து விடும்.

மூன்று அடி

ஹனோயில் 68 மருந்துக் கடைகளை எடுத்துக் கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்று ஒத்த கடைகளாக 34 ஜோடி. ஜோடியில் ஒரு கடைக்குப் பயிற்சி. மற்றதை அதன் போக்கில் விட்டு விட்டார்கள்.

முதலில் சட்டத்தை நினைவு படுத்தினார்கள். சீட்டு இல்லாமல் எதை விற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்துப் பாடம் நடத்தினார்கள். பிறகு மூன்றாவதாக, கடைக்காரர்களே ஒருவரை ஒருவர் தூண்டும்படி செய்தார்கள்.

எனக்கு மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. ஏன்? கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொள்வார்கள். என் வியாபாரந்தான் போகும்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் மட்டும் யோக்கியராக இருந்தால் அவருக்கு நஷ்டம். பக்கத்துக் கடையும் மறுத்தால்?

பலன் 2002இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற கடைகளில், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது குறைந்தது. மூச்சைப் பற்றிக் கேட்பது அதிகமாயிற்று. மற்றக் கடைகளை விட இவை தெளிவாக முன்னே நின்றன. வேட வாடிக்கையாளர்கள் கொண்டு வந்த சாட்சி இது!

தொண்டையைப் பார்க்கக் கண்ணாடி

தாய்லாந்தில் வேறு வழி கண்டார்கள். அங்கே 2007இல் ஆன்டிபயாடிக்கைப் புத்தியோடு பயன்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. மருந்துக் கடையில் கண்ணாடியும் படமும் வைத்தார்கள். தொண்டை வலி என்று வருகிறவர் வாயைத் திறந்து தன் தொண்டையைத் தானே பார்த்துக் கொள்ளலாம். ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொண்டை எப்படி இருக்கும், தேவையில்லாதது எப்படி இருக்கும் என்று படத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

வெறுங்கையோடு திரும்ப யாருக்கு மனம் வரும்? அதற்காக மூலிகை மாத்திரையும் வைத்திருந்தார்கள். என்ன மூலிகை தெரியுமா? நம் நிலவேம்பு!

நம் நாட்டில்

2012இல் சென்னையில் இந்திய மருத்துவ சங்கங்கள் பல கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க ஒரு பிரகடனம் செய்தன. "சென்னைப் பிரகடனம்" என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் 1 முதல் "எச்-1" என்ற புதிய பட்டியல் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள். பல ஆன்டிபயாடிக்குகளும் உண்டு. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ஏட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்றவை அந்த 46இல் சேரவில்லை. ஆனாலும் அவற்றுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக் கொண்டவர்கள் கூட இதைக் கண்டு கொள்ள ஓர் அடையாளம் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா? சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. இந்தக் கோட்டைப் பற்றி மத்திய அரசு 2016இல் பெரிய பிரசாரமே நடத்தியது.